ஏழாம் எண் கெல்ஸ்டன்

வியாழக்கிழமை, அக்டோபர் இருபத்து மூன்று. காலை பத்து மணி நாற்பது நிமிடம். தூறல். விடியும்போது நின்றிருந்த மழை மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தது. வெப்பநிலை இருபத்து மூன்றரை டிகிரி. எங்கள் வீட்டுக் கூடத்தில் வெப்பமானி மாட்டி வைத்திருக்கிறேன், ஆகவே இதை உத்தேசமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த திரு. ஹார்ட்லி எங்கள் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார். என் தம்பி காரை மூடியிருந்த பட்டுத் துணியை ஒரே இழுப்பில் உருவினான். திரு. ஹார்ட்லி பார்த்தார். "ஓ" என்றார். பதினாலாயிரம் ரூபாய் அறை வாடகையும் ஐயாயிரம் மைல் பயணமுமாக வந்த மனிதர், அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பத்திரிகையில் நான்காம் பக்கத்தில் இருப்பது அந்தக் கார்தான். பக்கத்தில் பல் தெரியச் சிரிப்பவன் என் தம்பி ஜெகன்நாதன். ரயில் திருப்பூர் தாண்டுவதற்குள் நீங்கள் அந்தப் பக்கத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான கார்" என்றீர்கள். அதனால்தான் வாயைத் திறந்தேன். ரயிலில் அறிமுகமில்லாதவர்களிடம் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அதை ஒருவர் அழகு என்று சொல்ல, நான் சென்னை வரைக்கும் பேசாமல் உட்கார்ந்து வருவது என்னால் ஆகாத காரியம். அது அழகு இல்லை, அம்மா. அது அருவருப்பு.

என் பெயர் ரேணுகாதேவி. கோவையில் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பொறுமைசாலி. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, என் மாணவிகள் சொல்வது. பொறுமைசாலிக்கே குமட்டுகிறது என்றால் நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கார் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பந்தயங்களில் நேரப் பந்தயம் என்று ஒரு வகை உண்டு. இவ்வளவு தூரத்தை யார் முதலில் ஓடி முடிக்கிறார் என்பதல்ல. பன்னிரண்டு மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் யார் அதிகச் சுற்று ஓடுகிறாரோ அவருக்குக் கோப்பை. வேகம் மட்டும் போதாது, வண்டி தாங்க வேண்டும். அதற்காகவே இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறையில் கட்டிய கார் கெல்ஸ்டன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை மூடிய வண்டி. கூபே என்பார்கள். உடம்பெல்லாம் அலுமினியத் தகடு. ஒன்பதே ஒன்பது கட்டினார்கள். பிறகு பட்டறையை மூடிவிட்டார்கள்.

அந்த ஒன்பதில் ஏழாவது, வால்பாறையில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயருக்குக் கப்பலில் வந்தது. அவர் மலைச்சாலையில் இரண்டு மாதம் ஓட்டினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பும்போது எங்கள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அப்பாவின் பெயர் வேங்கடபதி. பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தார். எழுபத்தொன்றாம் வருடம், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் காரைச் சோழவரத்துக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். இரண்டாம் இடம். முதல் இடம் இரண்டு சுற்றில் தவறியது.

பிறகு அந்தக் கார் ஓடவில்லை. ஐம்பது வருடமாக ஷெட்டில் நின்றது. மங்கிய பச்சை நிறம். கதவில் கையால் எழுதிய இருபத்து மூன்று என்ற எண். இடது பக்கத் தகட்டில் கட்டை விரல் அளவு ஒரு நெளிவு. அங்கங்கே பச்சை உதிர்ந்து அலுமினியம் தெரியும். அதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். "ஓடின வண்டிம்மா, ஓடின மாதிரியே இருக்கட்டும்" என்பார். அப்பா போன பிறகும் நான் யாரையும் தொட விடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, உலர்ந்த துணியால், நானே தூசி தட்டுவேன்.

திரு. ஹார்ட்லி யார் என்று கேட்பீர்கள். கெல்ஸ்டன் கார்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. ஒன்பது காரும் எங்கே இருக்கின்றன, யாரிடம் இருந்தன, எந்தப் பந்தயத்தில் ஓடின என்று. அதைப் பராமரிப்பவர் அவர். எட்டுக் கார்களுக்கு எல்லாம் எழுதியாகிவிட்டது. ஏழாம் எண்ணுக்கு நேரே மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஹாலந்தில் ஒருவர் தன்னிடம் இருப்பதுதான் ஏழு என்கிறார். இல்லை, எங்களிடம் இருப்பதுதான் ஏழு என்று நான் எழுதினேன். நான்கு வருடத்தில் பதினொரு கடிதம். பதினொன்றுக்குப் பிறகுதான் அவர் வருவதாக ஒப்புக்கொண்டார். எனக்கு வேறெதுவும் வேண்டாம். அந்தப் பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே, 'வேங்கடபதி, கோயம்புத்தூர்' என்று ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் அப்பா ஓட்டியது ஏதோ ஒரு நகல் என்று ஆகிவிடும். ஹாலந்துக்காரருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லியாக வேண்டுமாம். நாளை, அம்மா. நாளை ஞாயிறு.

சரி, தம்பிக்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசியில் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போயிருந்தேன். பதினொரு நாள். ஆயுத பூஜையன்று காலையில் திரும்பி வந்தேன். வாசலில் இறங்கும்போதே வாழைக்கன்று கட்டியிருந்தது, மாவிலைத் தோரணம் தொங்கியது, ஊதுபத்திப் புகை. தம்பி ஓடி வந்தான். ஐம்பது வயது, ஆனால் ஓடித்தான் வருவான்.

"அக்கா, கண்ண மூடிக்கிட்டு வா. மூடு மூடு. ம், இப்பத் தெற!"

திறந்தேன். "கார் எங்கே?" என்றேன்.

"என்னக்கா கேக்கற, உன்ற முன்னாலதான நிக்குது!"

சிவப்பு. எப்படிப்பட்ட சிவப்பு என்று பத்திரிகையில் சரியாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருக்குமே, அந்தச் சிவப்பு. அதன் மேல் முகம் தெரிகிற மினுமினுப்பு. நெளிவு இருந்த இடத்தில் பட்டி பூசித் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தான். இருபத்து மூன்று போய்விட்டது. கதவுக்குள்ளே வெள்ளை ரெக்சின் தைத்திருந்தான். முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் ஒன்பது இடத்தில், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குக் குறுக்கே சாமந்தி மாலை. அப்பாவின் கார் என்று சொன்னால் அந்த எலுமிச்சம்பழம்கூட நம்பாது.

"யாரைக் கேட்டுச் செய்தாய்?"

"அட, உனக்குச் சர்ப்ரைஸ்க்கா! வெள்ளக்காரன் அவ்வளவு தூரத்துல இருந்து வர்றான். அந்த அழுக்கு வண்டியவா காட்டறது? வீட்டுக்கு ஆளு வந்தா மூஞ்சி கழுவிட்டுத்தான நிப்போம்? நம்ம மானம் என்னாகறது?"

"காரின் அடிச்சட்டத்தில் ஓர் எண் குத்தியிருந்ததே, அது எங்கே?"

"எது, அந்தத் துருப் புடிச்ச கம்பில இருந்ததா? அத கிரைண்டர்ல நைசா எடுத்தாச்சு. பட்டறைக்காரரே சொன்னாரு, துரு பரவும்னு. அதுக்குப் பதிலா பாரு, பித்தளையில!"

காட்டினான். என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு. மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 7. அதற்குக் கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே, 'அன்புடன் ஜெகன்'.

"பெட்ரோல் டேங்க்?" என்றேன்.

"அது ஓட்டைக்கா. சின்னது வேற. கழட்டிப் போட்டுட்டுப் புதுசா அம்பது லிட்டருக்கு வெல்டிங் வெச்சுட்டோம். ஊட்டி வரைக்கும் ஒரே மூச்சுல போலாம்."

நான் கத்தவில்லை. எனக்குக் கத்தத் தெரியாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன். மதுரையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் ஓமத் தண்ணீர் கொண்டுவந்தான். அப்படிப்பட்டவன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கல்லூரியில் தனி ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒரு பெண், நல்ல பெண்தான், கடிகாரத்தைத் தொடாமலே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஆடும் நேரங்களை எழுதிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி இருந்தது. நான் அவளை ஒரு வாரம் மறுபடி மறுபடி செய்யவைத்தேன். அழுதாள். அழட்டும். உண்மையில் இருக்கும் கோணலை நேராக்குவது பொய், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொய்தான் என்று அவளிடம் சொன்னேன். என் தம்பி செய்தது அதுதான். பொய்க்குச் சிவப்பு அடித்திருக்கிறான்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். திரு. ஹார்ட்லிக்கு எழுபது வயதிருக்கும். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். இடது பக்கத் தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை எண்ணப் பார்த்தார். ஏழாம் காரில் முப்பத்தொரு ஆணியாம், மற்றவற்றில் முப்பத்திரண்டாம். பட்டிக்கு அடியில் எதை எண்ணுவது? அடிச்சட்டத்தில் எண் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கிரைண்டர் ஆழமாகவே போயிருந்தது. பித்தளைத் தகட்டைப் பார்த்தார். "மேலே இருக்கும் இந்தச் சுழி ஏதாவது குறியீடா?" என்று கேட்டார். பிள்ளையார் சுழி என்றேன். குறித்துக்கொண்டார்.

தம்பிக்கு ஒரே பெருமிதம். பத்திரிகைக்காரரை வேறு வரவழைத்திருந்தான். "சார், கேன் யூ ஸ்மைல் சார்? ஒன் போட்டோ வித் த பியூட்டி!"

அங்கே இன்னொருவரும் இருந்தார். டெஸ்மண்ட் அங்கிள். போத்தனூர் ரயில்வே காலனிக்காரர். சோழவரத்தில் அப்பாவின் மெக்கானிக்காக நின்றவர். இப்போது எண்பது வயது, கை நடுங்கும். நான்தான் சாட்சிக்காக வரச் சொல்லியிருந்தேன். அதுவரை புது நிறத்தை அவர் பார்த்திருக்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு ஷெட்டின் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "ஜெகன் பாபா, ஏன் மேன் இப்புடிப் பண்ணே" என்றார்.

திரு. ஹார்ட்லி என்னைப் பார்த்தார். "அம்மையீர், காரில் எனக்குப் படிக்க எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் கடிதங்களில் பந்தயக் குறிப்பேடு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதுதான் இனி" என்றார்.

இந்த நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பந்தயத்தின்போது ஒவ்வொரு சுற்றும் எத்தனை நிமிடம், எப்போது வண்டி நின்றது, எப்போது பெட்ரோல் ஊற்றினார்கள் என்று எல்லாவற்றையும் டெஸ்மண்ட் அங்கிள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தம்பிக்கு அது இருப்பதே தெரியாது. அதனால் அது அவன் கைக்குத் தப்பியது. அலமாரியைத் திறந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

காட்டட்டுமா? இல்லை, அது இப்போது இல்லை. இந்தப் பையில் இருப்பது வேறு, சொல்கிறேன். அந்த நோட்டு, நானே சொல்லக்கூடாது, அவ்வளவு நேர்த்தி. நீல மை, சிவப்பில் ஓரக் கோடு, முதல் பக்கத்தில் பொருளடக்கம். மொத்தம் நாற்பத்தெட்டுப் பக்கம், ஓர் அடித்தல் கிடையாது. மேலே கெட்டி அட்டை. அப்பா போன மறு வருடம், மே மாத விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதியது.

திரு. ஹார்ட்லி திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். "மிக அழகான கையெழுத்து" என்றார். நன்றி என்றேன். "மூலம் எங்கே?" என்றார்.

"இதுதான்" என்றேன்.

"இது நீங்கள் எழுதியது. அன்று பந்தயத் திடலில் எழுதியது எங்கே? எண்ணெய்க் கறை உள்ளது?"

அவருக்குப் புரியும்படி விளக்கினேன். எங்கள் கல்லூரிகளில் இரண்டு நோட்டு உண்டு. சோதனைச் சாலையில் கிறுக்குவதற்கு அப்சர்வேஷன் நோட்டு. அதைப் பார்த்துத் திருத்தமாக எழுதுவதற்கு ரெக்கார்டு நோட்டு. மதிப்பெண் ரெக்கார்டுக்குத்தான், கையெழுத்து ரெக்கார்டுக்குத்தான், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கையில் எடுப்பது ரெக்கார்டைத்தான். ரெக்கார்டு முடிந்த பிறகு அப்சர்வேஷனை யாரும் வைத்துக்கொண்டிருப்பதில்லை. டெஸ்மண்ட் அங்கிளின் நோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அம்மா. பந்தய என்ஜினுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெயின் வாடை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தக்காளிக் குழம்போ கிரீஸோ தெரியாத ஒரு கறை. 'பெட்ரோல்' என்ற சொல்லை நான்கு விதமாக எழுதியிருந்தார். பழைய பேப்பர்காரர்கூட வாங்கத் தயங்கினார், மற்றக் காகிதங்களோடு சேர்த்துத்தான் தள்ளிவிட்டேன். வீட்டில் பூச்சி சேரக் கூடாது.

இதைச் சொன்னதும் திரு. ஹார்ட்லி மறுபடியும் "ஓ" என்றார். அதே "ஓ". காரைப் பார்த்துச் சொன்னாரே, அதேதான். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆங்கிலேயர்களுக்குச் சொல் வளம் குறைவு என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நல்ல மனிதர், பொறுமையாகத் தொடர்ந்தார். "பரவாயில்லை. ஏழாம் காரைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு விவரம் எங்களிடம் உள்ள கெல்ஸ்டன் பட்டறைக் காகிதத்தில் இருக்கிறது. அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. அது உங்கள் குறிப்பில் இருந்தால் போதும். வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பெட்ரோலுக்கு நின்றது?"

எனக்கு மனப்பாடம். "ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை. பன்னிரண்டு மணி நேரத்தில் பதின்மூன்று நிறுத்தம்" என்றேன். பக்கத்தையும் காட்டினேன்.

அவர் பேனாவை மூடினார். அந்த மூடிச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மூலையிலிருந்து டெஸ்மண்ட் அங்கிளின் குரல். "என்ன மிஸ்ஸி சொல்றீங்க? ஏது அம்பத்தஞ்சு? நாப்பத்தொண்ணு! நாப்பது, நாப்பத்தொண்ணு, அதுக்கு மேல ஒரு சொட்டு நிக்காது. பதினேழு தடவ நிறுத்துனோம். அந்தச் சனியன் புடிச்ச சின்ன டேங்க்காலதான தோத்தோம்! இல்லாட்டி அய்யாதான் மேன் ஃபர்ஸ்ட்டு!"

திரு. ஹார்ட்லிக்கு மொழிபெயர்த்தேன். என்ன மொழிபெயர்க்கிறோம் என்று தெரியாமலே மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் டெஸ்மண்ட் அங்கிளையே பார்த்தார். பிறகு சொன்னார். வால்பாறைத் துரை காரை வாங்கும்போது, பின்னால் தன் கோல்ஃப் பை வைக்க இடம் வேண்டும் என்று கேட்டாராம். அதற்காக ஏழாம் காருக்கு மட்டும் சிறிய தொட்டி வைத்தார்களாம். மற்ற எட்டும் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடும். ஏழு மட்டும் நாற்பது சொச்சம்.

"இவர் சொல்வதை நான் நம்புகிறேன்" என்றார் திரு. ஹார்ட்லி. "ஆனால் எண்பது வயது நினைவு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். உங்கள் எழுத்து, இது ஏழாம் கார் இல்லை என்கிறது."

நடந்தது இதுதான். அந்தக் கிறுக்கல் நோட்டில் நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு என்றுதான் இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அப்பாவின் கோப்பில் இருந்த நிறுவனத்துக் கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருந்தது, ஒரு முறை நிரப்பினால் ஐம்பத்தைந்து நிமிடம் என்று. அச்சில் இருப்பதை நம்புவதா, கிரீஸ் கையால் எழுதியதை நம்புவதா? கடிகாரத்தைத் தவறாகப் பார்த்திருக்கிறார் என்று முடிவு செய்து, எல்லா நிறுத்தங்களையும் ஐம்பத்தைந்துக்கு ஒழுங்கு செய்தேன். அதற்கேற்பச் சுற்றுகளையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. அதற்கே ஒன்பது நாள் பிடித்தது. அது திருத்தம், அம்மா. முறையான திருத்தம். என் நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

டெஸ்மண்ட் அங்கிள் எழுந்து வந்து அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதியதுதானே, பார்க்கட்டும் என்று கொடுத்தேன். இரண்டு பக்கம் திருப்பினார். விரலால் அந்த ஓரக் கோட்டைத் தடவினார். "என் நோட்டு எங்க மிஸ்ஸி?" என்றார். சொன்னேன். காரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "அக்காவும் தம்பியும் ஒரே கடையிலதான் பெயிண்ட் வாங்கியிருக்கீங்க" என்றார்.

தம்பி சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு சகிக்கவில்லை. வயதானால் புத்தி தடுமாறும் என்று நான் விட்டுவிட்டேன். கிரைண்டரைப் போட்டு எண்ணை அழித்தவனும், ஒரு மாதம் கண் நோக உட்கார்ந்து எழுதியவளும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், ஒன்றில்லை என்று எனக்கே தெரியும்.

திரு. ஹார்ட்லி கிளம்பும்போது, நோட்டின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை வரை சென்னையில் இருப்பேன், வேறு ஏதாவது கிடைத்தால், அன்றைய நாளின் எதுவாக இருந்தாலும், ஒரு துண்டுக் காகிதமானாலும் சொல்லுங்கள் என்றார். இல்லாவிட்டால் ஏழாம் எண் ஹாலந்துக்குத்தான் என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வாசல் வரை போய், மழையில் நின்று, டெஸ்மண்ட் அங்கிளிடம் மட்டும் கை கொடுத்தார்.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "விடுக்கா. ஏழு இல்லாட்டி எட்டுன்னு வெச்சுக்குவோம். தகடுதான, மாத்திரலாம்."

சேலம் வந்துவிட்டதா? காபி வேண்டாம், நன்றி. நீங்கள் குடியுங்கள். இந்தப் பைப் பக்கம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மறுநாள் என்றால் நேற்று. மழை விட்டிருந்தது. இருபத்திரண்டு டிகிரி.

திரு. ஹார்ட்லி ஆறே காலுக்கு விடுதியை விட்டுக் கிளம்பி விமானத்தில் சென்னைக்குப் போனார். போவதற்கு முன் இரண்டு இட்லி சாப்பிட்டதாகவும், மூன்றாவதைத் திருப்பி அனுப்பியதாகவும் தம்பி விசாரித்து வந்து சொன்னான். ஏன் விசாரித்தான் என்று எனக்குத் தெரியாது.

தம்பி ஏழு மணிக்குக் கார் மெழுகு வாங்கி வந்தான். படம் பத்திரிகையில் வரப்போகிறது, ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று. வந்தவன் ஷெட்டுக்குள் போனதும் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஏனென்றால் டெஸ்மண்ட் அங்கிள் அவனுக்கு முன்பே வந்திருந்தார். மொபெட்டில், ஒரு பட்டித் தகடும் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொண்டு. இடது கதவின் ரெக்சினை முழுவதுமாகக் கிழித்துப் போட்டுவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்தகட்டிலிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சோழவரத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆணியால் அங்கே ஒரு கோடு கிழித்தாராம். படுக்கையில் புரளும்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

"யோவ், புது பெயிண்ட்டுய்யா! யோவ்!" என்று தம்பி குதித்தான்.

"சும்மா இரு மேன்" என்றார் அவர். சுரண்டுவதை நிறுத்தவில்லை. பிறகு என் அறை ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார். "மிஸ்ஸி! வந்து பாருங்க மிஸ்ஸி! கீறல்லாம் அப்படியே இருக்கு! பட்டி உள்ள எறங்கி வெள்ள வெள்ளையா நிக்குது, சாக்பீஸ்ல போட்டாப்புல! ஒம்போது ஆச்சு! படம் புடிங்க, தொரைக்கு அனுப்புங்க!"

நான் முந்தின நாள் மாலை ஆறு மணியிலிருந்து மேசையில் இருந்தேன். புது நோட்டு. நீல மை, சிவப்பு ஓரக் கோடு. எல்லா நிறுத்தங்களும் நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒன்றாக. சுற்றுகளும் அதற்கேற்ப. பழைய ரெக்கார்டை முதல் வேலையாக வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒரே சோதனைக்கு இரண்டு ரெக்கார்டு இருந்தால் குழப்பம். திரு. ஹார்ட்லி எடுத்த படங்களை அழித்துவிடச் சொன்னால் அழித்துவிடுவார், நல்ல மனிதர். இன்று மூன்று மணிக்கு அவர் விடுதியில் கொடுத்துவிடுவேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. காட்டுகிறேன், உங்கள் கை ஈரமாக இல்லையே? பரவாயில்லை, நானே பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பார்த்தால் போதும்.

"பதினேழு அங்கிள்" என்று ஜன்னல் வழியாகப் பதில் சொன்னேன். "தெரியும். எழுதியாகிவிட்டது."

அவர் சுரண்டுவதைப் பாதியில் நிறுத்தி என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். தகடு தகட்டில் உரசும் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. எனக்கு இன்னும் பன்னிரண்டு பக்கம் மீதி இருந்தது. கை நடுங்கினால் அடித்தல் விழும். ஜன்னலைச் சாத்தினேன்.